ஐச்சியின் பாலுக்கு எறும்பு சாட்சி

ஐச்சியின் பால் கெட்டது என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, ரத்தம் பார்க்கும் லேப் இல்லை. எறும்புகள். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, குறைமாதக் குழந்தைகள் பிரிவில், பால் எடுக்கும் அறையின் சன்னல் கட்டையில் அவை வரிசையாக வந்து நின்று சாட்சி சொன்னதாக ஐச்சியின் மாமியார் அப்போலோனியா அறிவித்தார். எறும்புகள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவை பாட்டுக்குச் சாப்பிட வந்தன. ஆனால் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அவளைத் தவிர வேறு யார் பேசினாலும் அது சாட்சியம் ஆகிவிடுகிறது. பேசுகிறவருக்குக் கால் ஆறு இருந்தால் இன்னும் விசேஷம்.

ஐச்சிக்கு வயது இருபத்தொன்பது. கிளிமஞ்சாரோ சரிவில் ஒரு காப்பிக் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடுகிற வேலை. விவசாயிகள் மூட்டையைத் தூக்கி வைப்பார்கள், முள் நின்றதும் அவள் உரக்கச் சொல்வாள், அதுதான் எடை. மூட்டைக்கு அடியில் யாராவது கால் விரலை மெதுவாக நுழைத்தால், ஆள் சங்கத் தலைவரின் மச்சானாகவே இருந்தாலும், "காலை எடுங்க பெரியவரே, சங்கம் காப்பிதான் வாங்குது, பாதம் வாங்கல" என்பாள். சரிவு முழுக்க அவளுக்குப் பட்டப்பெயர் 'தராசு'. கல்யாணம் பேச வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் தயங்கியதற்குச் சர்க்கரை ஒரு காரணம், இந்தப் பட்டப்பெயர் இன்னொரு காரணம்.

சர்க்கரை பதினைந்து வயதில் வந்தது. அன்றிலிருந்து தினம் நாலு ஊசி. வீட்டில் பிரிட்ஜ் இல்லாத வருஷங்களில் இன்சுலின் குப்பியை ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினாள். நாக்கின் ஓரம் மரத்துப்போனால் சர்க்கரை இறங்குகிறது, முழங்காலுக்குப் பின்னால் சோம்பல் தட்டினால் ஏறுகிறது. விரலைக் குத்திப் பார்க்காமலே நாலில் மூன்று தடவை சரியாகச் சொல்வாள். மீதி ஒரு தடவைக்காகத்தான் கருவி வைத்திருந்தாள். பதினான்கு வருஷம் ஒரே உடம்பைப் படித்த வேறு நிபுணர் அந்த மாகாணத்தில் கிடையாது. ஆனால் அந்த நிபுணரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

குழந்தை எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தது. பெண். "ஆயிரத்து நூத்தி எண்பது கிராம்" என்று நர்ஸ் சொன்னபோது, அறுவை மேசையில் பாதி மயக்கத்தில் கிடந்த ஐச்சி கேட்ட முதல் கேள்வி: "வைக்கிறதுக்கு முன்னால முள்ளு பூஜ்யத்துல இருந்துச்சா?"

அத்தனை சின்ன உயிருக்கு உறிஞ்சத் தெரியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் போட்டு, மூன்று மணிக்கு ஒரு தரம் ஒன்பது மில்லி பால் விடுவார்கள். அந்தப் பாலைத் தாய் கையால் பீய்ச்சிக் கோப்பையில் எடுத்துத் தர வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பால் ஒன்றிரண்டு நாள் தாமதமாகத்தான் இறங்கும். குறைமாதப் பேறு என்றால் இன்னும் தாமதம். முதல் மூன்று நாள் ஐச்சிக்குச் சொட்டுத்தான் வந்தது. விடவில்லை. மூன்று மணிக்கு ஒரு தரம் போய் உட்கார்ந்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கன்றிப்போகும் வரை பீய்ச்சினாள். நாலாம் நாள் மார்பு கனத்து, பால் இறங்கியது. கோப்பையில் பதினொரு மில்லி. கோப்பையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்து, பழக்க தோஷத்தில் உரக்கச் சொன்னாள்: "பதினொண்ணு!" பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த அறை முன்பு அழுக்குத்துணி வைக்கும் இடம். ஒரு பெஞ்சு, ஐந்து பெண்கள், ஒரு சன்னல். சுவரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தையின் படம் போட்ட பெரிய தாள்: 'தாய்ப்பாலுக்கு ஈடு இணை இல்லை.' அதன் பக்கத்தில், பிரிவின் பொறுப்பாளர் சிஸ்டர் ஊராசாவின் கையெழுத்தில் சின்னத் தாள்: 'இங்கே சாப்பிடக் கூடாது. போன் பேசக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது.' ஈடு இணையில்லாத பொருள் எந்தத் தொழிற்சாலையில் தயாராகிறதோ அங்கே வேலையாட்களுக்குச் சோறு கிடையாது என்பது உலக வழக்கம்தான்.

இதில் ஐச்சிக்கு ஒரு சிக்கல் இருந்தது. பால் எடுக்கும்போது உடம்பு தன்னிடம் இருக்கும் சர்க்கரையை அள்ளித்தான் பாலாக மாற்றுகிறது. மற்றவர்களுக்குப் பசிக்கும், அவ்வளவுதான். ஐச்சிக்கு ஒவ்வொரு தரமும் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கியது. ஊசியைக் குறைத்தாள். அதோடு ஒவ்வொரு தரமும் பாதி வாழைப்பழத்தைத் தோளில் போர்த்திய காங்கா துணிக்கு அடியில் மறைத்து வைத்துக் கடித்துக்கொண்டாள். குழந்தைக்குப் பால் எடுக்க, திருடி மாதிரி பழம் தின்ன வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வார்டில் கஞ்சி தாமதமானது. பத்து மணிக்கு அவள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்து, ஒரு கையால் பீய்ச்சிக்கொண்டே மறு கையால் பழத்தை உரித்தபோது சிஸ்டர் ஊராசா உள்ளே வந்தார். முப்பது வருஷ சர்வீஸ். குழந்தைகளிடம் பூ மாதிரி நடந்துகொள்வார். அந்த மென்மையை ஈடுகட்டத் தாய்மார்களிடம் கல் மாதிரி இருப்பார்.

"துணிக்குள்ள என்ன?"

"பழம், சிஸ்டர்."

"எழுதி ஒட்டியிருக்கேன். உனக்குப் படிக்கத் தெரியும்தானே?"

"தெரியும் சிஸ்டர். சர்க்கரை இறங்குது. இதைத் தின்னலைன்னா எனக்குக் கை நடுங்கிரும்."

"இறங்கினா வார்டுக்குப் போ. நர்ஸ்கிட்டச் சொல்லு. பார்த்துட்டு, எழுதிட்டு, குளுக்கோஸ் குடுப்பாங்க. இங்க பழம் வந்தா எறும்பு வரும். எறும்பு வந்தா குழந்தைங்ககிட்டப் போகும். நான் எதுக்கு எழுதி ஒட்டியிருக்கேன்? அழகுக்கா?"

"பாதி எடுத்துட்டேன் சிஸ்டர். இப்ப எந்திரிச்சுப் போனா..."

"குடு இப்படி."

பழம் போனது. எறும்பு வரக் கூடாது என்பதற்காகப் பழம் போனது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாக்கு மரத்தது. காதுக்குள் வண்டு. ஐச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பீய்ச்சினாள். பதினொன்றைத் தொட்டுவிட்டால் போதும் என்று நினைத்தாள். தொட்டாள். தொட்டதும் கை உதறியது. கோப்பை சாய்ந்து, பாதிக்கு மேல் சன்னல் கட்டையில் கொட்டியது.

பக்கத்தில் இருந்தது நாசெரியான். சமவெளியிலிருந்து வந்த மாசாய்ப் பெண்; அவளுக்கு இது நாலாவது பிள்ளை. எழுந்து கதவைப் பார்த்தாள், தன் பிளாஸ்கைத் திறந்தாள், பாலும் சர்க்கரையும் கொட்டிக் காய்ச்சிய தேநீரை ஐச்சியின் வாயில் ஊற்றினாள்.

"குடிடி தங்கச்சி. எங்க ஊர்ல கறவை மாட்டுக்குப் புல்லைப் போட்டுட்டுத்தான் மடியில கை வைப்போம். இங்க மாட்டுக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்ல."

கால் மணி நேரம் ஐச்சி சுவரில் சாய்ந்து கிடந்தாள். அந்தக் கால் மணி நேரத்தில்தான் எறும்புகள் வந்தன. அதே கால் மணி நேரத்தில்தான் அப்போலோனியாவும் வந்தார், இரண்டு பிளாஸ்க் நிறைய ம்தோரியோடு.

பச்சை வாழைக்காயும் எலும்புக்கறியும் குழையக் குழைய வெந்து மசித்த அந்தக் கஞ்சியைக் குடிக்காமல் சரிவில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் வந்ததாகச் சரித்திரம் இல்லை என்பது அப்போலோனியாவின் கட்சி. ஒரு கிண்ணம் குடித்து அதற்கேற்ற ஊசி போட்டுக்கொள்வேன் என்பது ஐச்சியின் கட்சி. ஐந்து நாளாக இந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. மாமியாருக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. வழக்கப்படி மகனுக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு மகனுடைய தாயின் பெயர்தான். அதாவது உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பது குட்டி அப்போலோனியா. தன் பெயரைச் சுமக்கப்போகிற உயிருக்கு எந்தக் குறையும் ஒட்டிவிடக் கூடாது.

அப்போலோனியா சன்னல் கட்டையைப் பார்த்தார். பிளாஸ்குகளைக் கீழே வைத்தார்.

"இது யாரு பால்?"

"என்னோடதுதான் அத்தே. கை நடுங்கிக் கொட்டிருச்சு."

"எறும்பு வந்திருக்கு."

"ஆமா."

"சர்க்கரை."

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். லேப் வருவதற்கு முன்னால் சரிவில் சர்க்கரை நோயைக் கண்டுபிடித்தவை எறும்புகள். ஒருவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் அவருக்குச் சர்க்கரை. அப்போலோனியாவின் சொந்த அண்ணனுக்கு அப்படித்தான் தெரிந்தது. எறும்பு சொன்னதை லேப் அப்புறம் வழிமொழிந்தது. அந்த ஒரு வெற்றியின் பலத்தில் அப்போலோனியா இப்போது அதே சட்டத்தைப் பாலுக்கும் நீட்டினார்.

"எங்கண்ணனுக்கு இப்படித்தான் வந்துச்சு. இப்ப ஒரு கால் இல்லாம உட்கார்ந்திருக்கான். அந்த விஷத்தை என் பேத்தி மூக்குல குழாய் வச்சு ஊத்துறீங்களா?"

"அத்தே, பால்ல எறும்பு வராம யானையா வரும்?"

"வாய் பேசாத. பெத்தவ பேசுற பேச்சா இது?"

சத்தம் கேட்டு சிஸ்டர் ஊராசா வந்தார். அவர் படித்தவர், எறும்பை நம்புகிறவர் இல்லை. ஆனால் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நம்பிக்கையைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு: நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்கிற வியாதி. குழந்தையின் பாட்டி வாசலில் நின்று, எல்லோரும் கேட்க, விஷம் என்கிறார். பெரிய டாக்டரோ அருஷாவில் கருத்தரங்கில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். கருத்தரங்கு எதைப் பற்றி என்றால், தாய்ப்பால் வாரம்.

"சந்தேகம்னு ஒண்ணு வந்துருச்சு" என்றார் சிஸ்டர். "டாக்டர் வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்போம். டின் பால் குடுக்கலாம்."

"எதை நிறுத்தி வைக்கிறீங்க? சிஸ்டர், பதினாலு வருஷமா எனக்குச் சர்க்கரை. சர்க்கரை என் ரத்தத்துல இருக்கு. பால்ல இருக்கிறது பால்ல எப்பவும் இருக்கிற இனிப்பு, உங்க பால்ல இருந்தது, இவங்க பால்ல இருந்தது. புத்தகத்துல பாருங்க. லேப்புக்கு அனுப்புங்க."

"லேப்ல பால் பார்க்க மாட்டாங்க."

"அப்ப எறும்பு பார்த்தா போதுமா?"

கோப்பையில் மிச்சம் ஐந்து மில்லி இருந்தது. சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கைகழுவும் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டார்.

அதற்கு மேல் ஒன்று சொன்னாரே, அதுதான் ஐச்சிக்குக் கடைசிவரை ஆறவில்லை. "எடுக்கிறதை நிறுத்திராதம்மா. நிறுத்தினா வத்திப் போயிரும். மூணு மணிக்கு ஒருக்கா எடுத்து எடுத்துக் கொட்டிரு."

ஒரு மணிக்கு எடுத்தாள். பதினொன்று. இந்த முறை உரக்கச் சொல்லவில்லை, யாரும் கை தட்டவில்லை. தன் கையாலேயே தொட்டியில் ஊற்றினாள். கூட்டுறவுச் சங்கத்தில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த காப்பிக் கொட்டையைக்கூட எடை போட்டு, காரணம் எழுதி, இரண்டு பேர் கையெழுத்து வாங்கிய பிறகுதான் குப்பையில் போடுவார்கள். அழுகிய கொட்டைக்கு இருக்கிற விசாரணை அவள் பாலுக்குக் கிடையாது. உள்ளே அவள் குழந்தையின் குழாயில் டின் பால் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் கொழுகொழுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு மறுபடியும் பதினொன்று. அதையும் ஊற்றிவிட்டுக் கண்ணாடிப் பெட்டி அருகே போனபோது, சின்ன நர்ஸ் ஒருத்தி குழாயில் வெறும் சிரிஞ்சை வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குக் கொடுத்த பால் பாதி அப்படியே திரும்பி வந்தது. குழந்தையின் வயிறு, பிடி அளவு வயிறு, மேளம் மாதிரி உப்பியிருந்தது.

"செரிக்கல அக்கா. இந்த வேளை நிறுத்தியிருக்காங்க. ஏழு மணிக்குப் பார்த்துட்டு மறுபடி டின் பால் ஆரம்பிக்கணும்."

"டியூட்டி டாக்டர் எங்க?"

"ஆபரேஷன்ல இருக்காரு. ரெண்டு கேஸ் வரிசையா."

ஐச்சி கண்ணாடியில் கையை வைத்து நின்றாள். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் அழவில்லை, இப்போதும் அழவில்லை. அழுதால் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மனசு சரியில்லை என்று அதையும் ஒரு சீட்டில் எழுதிவிடுவார்கள். ஏழு மணிக்குள், அடுத்த டின் பால் இறங்குவதற்குள், தன் பால் தன் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். இருப்பது மூன்று மணி நேரம்.

ஐந்து மணிக்குச் சாயங்காலப் பார்வையாளர் நேரம். அப்போலோனியா மறுபடி வந்தார், கூடவே மகன் எவரிஸ்ட். டவுன் பஸ் ஓட்டுகிறவன், நல்லவன், அதாவது யாரோடும் சண்டை போடாதவன்.

"ஐச்சி, அம்மா சொல்றதுலயும் ஒரு இது இருக்குல்ல... பெரியவங்க..."

"அஞ்சு கியர் வண்டி ஓட்டுறீங்க. உங்கம்மாவைக் கண்டா மட்டும் நியூட்ரல்ல நிக்குது. பிள்ளை வயித்தைப் போய்ப் பார்த்துட்டு வந்து பேசுங்க."

அவன் போய்ப் பார்த்தான். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தம் இல்லை. அம்மாவிடம் ஏதோ சொல்லப் போனான். ஐச்சி தடுத்தாள்.

"நீங்க சொன்னா மகன் பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுறான்னு ஆகும். பேசாம இருங்க. அவங்க தராசுலயே நிறுக்கிறேன்."

அறைக்குள் வந்து பெஞ்சில் இருந்தவர்களிடம் கேட்டாள். "ஆளுக்கு ஒரு சொட்டு வேணும். ஒரே ஒரு சொட்டு."

"எதுக்கு?" என்றாள் தக்காளி வியாபாரி ஒருத்தி.

"எறும்புக்கு."

நாசெரியானுக்கு உடனே புரிந்தது. தொடையில் தட்டிக்கொண்டு, சுவரில் எழுதியிருந்ததையும் மீறிச் சத்தமாகச் சிரித்தாள். "எடுத்துக்கோ, ரெண்டு சொட்டா எடுத்துக்கோ!"

ஐச்சி முறையாகச் செய்தாள். சன்னல் கட்டையைத் துடைத்தாள். குழாய் ஒட்டுகிற பிளாஸ்திரியை ஆறு துண்டாகக் கிழித்து, ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதி, ஒரு சாண் இடைவெளியில் ஒட்டினாள். ஐந்து தாய்மார்களின் பால், அவற்றோடு சின்ன நர்ஸ் கொடுத்த டின் பால். சொட்டு வைக்கும் வேலையை நாசெரியானிடம் கொடுத்துவிட்டுத் தான் திரும்பி நின்றுகொண்டாள். எந்த எண் யாருடையது என்று நாசெரியானைத் தவிர யாருக்கும் தெரியாது.

"மாசாய்க்காரி எனக்குச் சாதகமா வச்சுட்டான்னு யாரும் சொல்லக் கூடாது" என்றாள் ஐச்சி. "அவளுக்கு மாட்டுப் பால்லதான் அக்கறை, என் பால்ல இல்ல."

"அது சரிதான்" என்றாள் நாசெரியான்.

சிஸ்டர் ஊராசா வந்து நின்றார். "என்ன இது கூத்து?"

"விசாரணை, சிஸ்டர். காலையில நடந்ததே, அதோட பாக்கி. கால் மணி நேரம் நில்லுங்க, போதும். அத்தே, நீங்க முன்னால வாங்க. உங்க சாட்சிங்கதான் வரப்போவுது."

கால் மணி நேரம் ஆகவில்லை. சன்னல் சட்டத்தின் விரிசலிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது; போய் ஆட்களைக் கூட்டி வந்தது. முதல் வரிசை நேராக நாலாம் எண்ணுக்குப் போனது. அடுத்தது ஒன்றாம் எண். பிறகு ஆறு. வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணவன்மார்களில் ஒருவர், "அஞ்சுக்கு வராது, பந்தயம்" என்றார். ஐந்துக்கும் வந்தது. இரண்டுக்கு வந்தது. கடைசியாக மூன்றுக்கு.

அப்போலோனியா குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாலுதான் அதிகம். நாலு யாரோடது? இவளோடதுதானே?"

"நாலு டீச்சரம்மா" என்றாள் நாசெரியான்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் நெஞ்சில் கை வைத்தாள். "எனக்கா? எனக்குச் சர்க்கரையா? எங்க வம்சத்துலயே..."

"ஒண்ணு டின் பால். ஆறு நானு. அஞ்சு தக்காளி. ரெண்டு ஐச்சி. மூணு இந்தச் சின்னப் பொண்ணு. பாவம், புதுசு, எறும்புக்குக்கூட இன்னும் அறிமுகம் ஆகல."

அறை சிரித்தது. ஐச்சி சிரிக்கவில்லை.

சிஸ்டர் ஊராசா கையைக் கட்டிக்கொண்டார். "எறும்பு என்ன டாக்டரா? இதை வச்சு நான் ஒரு முடிவு எடுக்க முடியுமா?"

"முடியாது சிஸ்டர். எறும்பு டாக்டர் இல்ல. காலையில பத்தரைக்கும் அது டாக்டர் இல்ல. ஆனா அது பேச்சைக் கேட்டுத்தான் என் பாலைத் தொட்டியில ஊத்தினீங்க. அது சாட்சின்னா இங்க அஞ்சு பேர் பாலையும் ஊத்துங்க, டின்னையும் சேர்த்து ஊத்துங்க. இல்லைன்னா எம்பிள்ளை பாலைத் திருப்பிக் குடுங்க. ஒருத்திக்கு ஒரு படிக்கல், இன்னொருத்திக்கு வேற படிக்கல்லா? இதை எங்க சங்கத்துல செஞ்சா விவசாயிங்க கூரையைப் பிரிச்சுருவாங்க."

குரல் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் வராந்தாவில் எல்லோருக்கும் கேட்டது. உள்ளே ஏதோ ஒரு குழந்தை பூனைக்குட்டி மாதிரி முனகியது. ஐந்து தாய்களும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

சிஸ்டர் தன் போனை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். அருஷாவில் கருத்தரங்கின் தேநீர் இடைவேளை போலும், உடனே எடுத்துவிட்டார்கள். சிஸ்டர் தணிந்த குரலில் சொன்னார். பெரிய டாக்டருக்குத் தணிந்த குரல் வராது. போனை ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. 'வயிறு மெத்துன்னு இருக்கா?', 'வெளிக்குப் போச்சா? ரத்தம்?' என்பவை கேட்டன. பிறகு 'எவ சொன்னா?' என்பது கேட்டது. பிறகு 'எறும்பா?' என்பது வராந்தாவின் மறு கோடிவரை கேட்டது.

சிஸ்டர் போனை வைத்துவிட்டு, உடுப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு திரும்பினார். "டாக்டர்கிட்ட ஆலோசனை செஞ்சேன். டியூட்டி டாக்டர் வந்து வயித்தைப் பார்ப்பார். சரியா இருந்தா ஏழு மணிக்குத் தாய்ப்பால் ரெண்டு மில்லி. தாங்கினா கூட்டலாம்."

"யாரோட தாய்ப்பால் சிஸ்டர்?" என்றாள் நாசெரியான், முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

"இவளோடது!"

அப்போலோனியா அதுவரை சன்னலை விட்டு நகரவில்லை. இப்போது சுண்டுவிரலை நீட்டி இரண்டாம் எண்ணின் ஓரத்தைத் தொட்டு, ஓர் எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, நாக்கில் வைத்தார்.

"இனிக்குது."

"உங்களோடதும் இனிச்சிருக்கும் அத்தே. உங்க மகனைக் கேளுங்க, எத்தனை வருஷம் குடிச்சார்னு."

"நாலு வருஷம்" என்றார் அப்போலோனியா. மகனைத் திரும்பிப் பார்த்தார். "சர்க்கரை வரல. வாயும் வரல." பிறகு பிளாஸ்கைத் திறந்தார். "ஒரு கிண்ணம்தான் குடிப்பேன்னு சொன்னியே. எந்தக் கிண்ணம், காட்டு."

இது மன்னிப்பு இல்லை. சரிவில் மாமியார்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, பரிமாறுவார்கள்.

டியூட்டி டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துத் தலையசைத்தார். ஏழு மணிக்கு ஐச்சி பெஞ்சில் உட்கார்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்போலோனியா போகவில்லை. அறை வாசலில், கதவுக்கும் சிஸ்டருக்கும் நடுவில், முக்காலி போட்டு உட்கார்ந்து வாழைப்பழம் உரித்து ஒவ்வொரு துண்டாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஊராசா இரண்டு தரம் அந்தப் பக்கம் போனார். இரண்டு தரமும் எதிர்ச் சுவரில் ஏதோ மிக முக்கியமான விஷயம் இருந்தது போல அதையே பார்த்துக்கொண்டு போனார். பன்னிரண்டு மில்லி வந்தது. இரண்டு மில்லி குழாயில் இறங்கியது. பத்து மணிக்கு இழுத்துப் பார்த்தபோது எதுவும் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை பெரிய டாக்டர் 'தாய்ப்பாலைக் காப்போம்' என்று அச்சடித்த துணிப்பையோடு வந்தார். ஐச்சி பால் எடுக்கும்போது சாப்பிடலாம் என்று சீட்டில் எழுதினார். அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதற்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை சுவரில் புதுத் தாள் ஒன்று ஏறியது. 'சன்னல் கட்டையில் பால் சிந்தக் கூடாது. எறும்புகளை வைத்துப் பரிசோதனை நடத்தக் கூடாது.' பழைய தாளில் 'இங்கே சாப்பிடக் கூடாது' என்பதற்குப் பக்கத்தில், வேறு மையில், 'ஐச்சி தவிர' என்று சேர்ந்திருந்தது. அடுத்த சர்க்கரைக்காரி வந்தால் அவள் தன் பெயரையும் சண்டை போட்டுத்தான் எழுத வைக்க வேண்டும்.

முப்பத்தெட்டாம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெயர் அப்போலோனியாதான். "வழக்கம் அத்தே, மாத்த முடியாது" என்றாள் ஐச்சி. "ஆனா எறும்பு கதையை நான்தான் இவளுக்குச் சொல்லுவேன்." பெரிய அப்போலோனியா, "சொல்லு, ஆனா நான் டீச்சரைச் சந்தேகப்படலைன்னு சேர்த்துச் சொல்லு" என்றார்.

கிளம்பும் முன் கடைசி எடை. ஐச்சி குனிந்து தட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தாள், அப்புறம்தான் குழந்தையைக் கிடத்தவிட்டாள்.

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது" என்றார் சிஸ்டர் ஊராசா. அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை இப்படி அனுப்பியிருக்கிறார். "போதுமாடி? திருப்தியா?"

ஐச்சி குழந்தையைத் தூக்கி மார்போடு சேர்த்துக் காங்காவால் கட்டினாள். முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"இருபத்தேழு குறையுது, சிஸ்டர்" என்றாள். "அன்னிக்குக் காலையில அஞ்சு, மத்தியானம் பதினொண்ணு, சாயங்காலம் பதினொண்ணு."